வாடைக்காற்றோடு வரும் விருந்தாளிகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



குளிர்காலப் பறவைகள் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கனடாவிலிருந்து வந்திருக்கும் என் வகுப்புத்தோழி, "தெமட்டகொடையில எங்கயடி குளிர்காலம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே எமக்கு இருப்பதெல்லாம் மார்கழி விடியலில் ஒரு சிறு குளிர் மாத்திரமே. அதனால்தான் பறவைகள் வருகின்றன. வடக்கே குளிர் இறுகும்போது பூச்சிகள் அற்றுப்போகின்றன. பூச்சி தின்னும் பறவை தெற்கே வந்தால்தான் உயிர் பிழைக்கும்.

தெற்கே எதுவரை? சத்திமுத்தப் புலவரின் நாரை குமரித்துறை வரை வந்து வடக்கே திரும்பியதாகப் பள்ளியில் படித்தோம். அதையும் தாண்டிக் கடல் கடந்து எமது தீவுக்கு வருபவை பல. மத்திய ஆசிய வான்வழியின் தென்கோடியில் இருக்கிறது இலங்கை. இங்கிருந்து நேர் தெற்கே போனால் அந்தாட்டிக்கா வரை கடல்தான். இங்கே இடமில்லை என்றால் அவற்றுக்கு அப்பால் போக இடமில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதல் விருந்தாளி ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை, கட்டை வால். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் சீட்டியடிப்பதால் இந்தப் பெயர். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாதி ஐப்பசியில் இங்கு வந்து, சித்திரையளவில் திரும்புகிறது. மரநிழலில் உதிர்ந்து கிடக்கும் சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடும். கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் அதற்கு உணவில்லை. இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வீட்டுக்குள் நுழைவதும், யன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அப்படி விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான, அமைதியான இடத்தில் சற்று நேரம் விடுங்கள். தெளிந்ததும் மரத்தடியில் திறந்து விடுங்கள்.

அடுத்து, மின்கம்பிகளைப் பாருங்கள். பிளந்த வாலோடு வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான் குருவிகள். தும்பியைப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்பது நீலவால் பஞ்சுருட்டான். கரகரத்த குரலில் "இது என் இடம்" என்று அதட்டுவது வட ஆசியாவிலிருந்து வரும் பழுப்புக் கீச்சான். கால்வாய்க் கரையில் பின்புறத்தை ஆட்டியாட்டி நடக்கும் சிறு பறவை உள்ளான். தெமட்டகொடைக் கால்வாயை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துதான் நாம் பழகியிருக்கிறோம். ஒரு நாள் நின்று பாருங்கள்.

கால்வாய்க்கு அப்பால் கொலன்னாவைச் சதுப்பு. சதுப்பை "வெற்று நிலம்" என்று சொல்வது எமது நகரத்தின் பழைய வழக்கம். வெற்று நிலம் என்றால் நிரப்பலாம், குப்பை கொட்டலாம். அதன் விலையை இந்தச் சுற்றாடலே கொடுத்திருக்கிறது. 2016 மே மாதம் கொலன்னாவை வெள்ளத்தில் மூழ்கியது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். மழைநீரைத் தாங்கி வைப்பதும் அதே சதுப்புத்தான், பறவைக்கு இரை தருவதும் அதே சதுப்புத்தான். 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் "ஈரநில நகரம்" என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது எஞ்சியிருக்கும் சதுப்பைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

பறவை பார்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். இலங்கைப் பறவைகள் கழகம் 1943 முதல் குறிப்பெடுத்து வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கள பறவையியல் குழு 1976இல் தொடங்கியது. ஜனவரியில் நாடெங்கும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். ஒரு கொப்பியும் பேனாவும் பொறுமையும் இருந்தால் எமது மாணவிகளும் எண்ணலாம். எந்தத் திகதியில் முதல் சீட்டி கேட்டது, எப்போது நின்றது என்று பத்து வருடம் எழுதி வைத்தால், அதுவே ஓர் ஆவணம்.

இனி, என் வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் புதிய கட்டடம் எழுப்ப நிதி சேர்க்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும். ஆனால் வரைபடத்தில் பின்மதிலோரத்து மாமரங்களும் பலாவும் நிற்கும் பகுதி "வெற்றிடம்" என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஐப்பசியிலும் ஆறுமணிக்குருவி வந்திறங்குகிறது. கட்டடத்தை இன்னொரு மாடி உயர்த்தி அந்த மரங்களை விட்டுவைக்க முடியுமா என்று குழுவினர் கட்டடக் கலைஞரிடம் கேட்க வேண்டும். மரத்தடிச் சருகை மட்டும் கூட்டாமல் விட அதிபர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். பெரிய யன்னல்களுக்கு உட்புறத் திரையோடு வெளிப்புறத்தில் நெருக்கமான கோடுகளோ வலையோ வேண்டும். பறவைக்குத் தெரியவேண்டியது வெளிப்பக்கம்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, நீங்கள் மார்கழி விடுமுறையில்தான் வருகிறீர்கள்; அவையும் அப்போது இங்கேதான் இருக்கும். அடுத்த முறை வரும்போது ஒரு நாள் மாலை ஐந்தரைக்குப் பள்ளிக்கு வாருங்கள். மரம் நின்றால், ஆறு மணிக்குச் சத்தம் கேட்கும்.