கொல்லையில் ஒரு காய்கறித் தோட்டம்



இன்று பாடப் புத்தகத்தைச் சற்று மூடி வைப்போம். நம் வீட்டுக் கொல்லையைப் பற்றிப் பேசுவோம்.

நம் பாகூர்ப் பக்கம் நெல் விளையும் பூமி. மண்ணும் தண்ணீரும் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒரு கட்டுக் கீரைக்குக் கடையைத் தேடிப் போகிறோம். விலை கூடினால் வாங்காமல் திரும்பி விடுகிறோம். அன்றைக்கு நம் தட்டில் கீரை இல்லை, காய் இல்லை.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேருக்கு 57 பேர் ரத்த சோகை உள்ளவர்கள் என்று அதில் தெரிந்தது. இதற்குக் காரணம் பல. சத்துள்ள சாப்பாடு போதாததும் ஒரு காரணம். கீரை மட்டும் தின்றால் சோகை தீர்ந்துவிடாது. சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். ஆனால் கீரையும் காயும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நல்லதுதானே?

தோட்டத்துக்கு 10 அடி நீளம், 10 அடி அகலம் இடம் இருந்தால் போதும். இடமே இல்லையா? பழைய சாக்கு, ஓட்டைக் குடம், உடைந்த வாளி எதுவும் ஆகும். அடியில் துளை இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள்.

பச்சைச் சாணத்தை அப்படியே போடாதீர்கள். அதன் சூட்டில் இளம் வேர் கருகும். புழுவும் சேரும். கொல்லையின் ஒரு மூலையில் குழி எடுங்கள். சருகு, காய்த் தோல், சாணம் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். மூன்று நான்கு மாதத்தில் எரு கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். அப்போது எடுத்துப் போடுங்கள்.

காய்கறிச் செடிக்கு வெயில் வேண்டும். முருங்கை, பப்பாளி, அவரைப் பந்தல் இவற்றை வடக்கு ஓரத்தில் வையுங்கள். அப்போது சின்னச் செடிகள் மேல் நிழல் விழாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரைக் கீரைக்கு ஊற்றலாம். சோப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விட வேண்டாம்.

கீரை விதை மிகவும் சிறியது. மணலில் கலந்து தூவினால் ஒரே சீராக விழும். சிறுகீரையை ஒரு மாதத்துக்குள் பிடுங்கிச் சமைக்கலாம். அரைக்கீரையைப் பிடுங்காதீர்கள். இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள். மறுபடி துளிர்க்கும். வெண்டையை நேராக மண்ணில் ஊன்றலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் முதலில் நாற்று விடுங்கள். நாற்று வளர்ந்த பிறகு மாலை நேரத்தில் பிடுங்கி நடுங்கள்.

விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

அடுத்து பூச்சி. இதில் நான் செய்த தப்பை உங்களிடம் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் கத்தரிச் செடியில் புழு விழுந்தது. கடையில் போய்ச் சொன்னேன். ஒரு பாட்டில் மருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மூடியில் அளந்து கலந்தேன். மாலையில் தெளித்தேன்.

மறுநாள் காலையில் அம்மா அந்தக் காயைப் பறித்துவிட்டார். அரிவாள்மனை முன் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஆயா வந்தார். திண்ணையில் மருந்துப் பெட்டி கிடந்தது. உள்ளே ஒரு தாள் மடித்து இருந்தது. அதில் தமிழும் இருந்தது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ஏம்மா, மருந்து அடிச்சி இத்தனை நாள் கழிச்சித்தான் பறிக்கணும்னு போட்டிருக்கே. நீ எப்ப அடிச்ச?” என்று கேட்டார்.

“நேத்து சாயங்காலம், ஆயா” என்றேன்.

அம்மா எழுந்துவிட்டார். அந்தக் காய் முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

நான் பத்தாவது படித்தவள். உங்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். ஆனால் நான் அந்தத் தாளைப் பிரிக்கவே இல்லை. நம் மையத்தில் எழுத்துக் கற்ற ஆயா பிரித்தார், படித்தார். ஆயா இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நன்றி.

பூச்சி மருந்துப் பெட்டியில் ஒரு நிறக் கட்டம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பிறகு பச்சை. பச்சைக்கு நஞ்சு குறைவு. ஆனால் அதுவும் நஞ்சுதான். வயலுக்கு அடித்து மீந்த மருந்தைக் கொல்லைக்குக் கொண்டு வராதீர்கள்.

வேறு வழி இருக்கிறது. கத்தரியில் வாடித் தொங்கும் நுனியைக் கிள்ளி எடுங்கள். அதற்குள் புழு இருக்கும். துளை விழுந்த காயையும் பறித்து அழித்துவிடுங்கள். செடியடியில் போடாதீர்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசலும் செய்யலாம். காய்ந்த கொட்டையின் ஓட்டை நீக்கிப் பருப்பை இடியுங்கள். 50 கிராம் தூளை 1 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். அன்றே செய்து அன்றே தீர்த்துவிடுங்கள். காயை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

விதைப் பொட்டலத்தையும் படித்து வாங்குங்கள். எந்தத் தேதி வரை நல்லது என்று அதில் இருக்கும். நாட்டு விதை என்றால் ஒன்றிரண்டு காயைச் செடியிலேயே முற்ற விடுங்கள். விதை எடுத்து உலர்த்திச் சாம்பலில் புரட்டி வையுங்கள். வீரிய ஒட்டு விதையில் இது சரிப்படாது. அடுத்த முறை தாய்ச்செடி போல வராது.

கடைசியாக ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். என்ன விதைத்தேன், என்றைக்கு விதைத்தேன், என்றைக்குப் பறித்தேன் என்று எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை. அடுத்த பட்டத்துக்கு அதுதான் உங்களுக்கு வழி காட்டும்.

அடுத்த வாரம் அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம். நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.