அப்பாவோட பழைய விடெக்கை ட்ராக்குக்குக் கொண்டுபோன கதை

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். “ப்ரோ, வீட்ல ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டின கார் ஒண்ணு தூசி படிஞ்சு நிக்குது. வித்தா ஒண்ணும் தேறாது. இதை வீக்கெண்ட் ட்ராக் கார் ஆக்கலாமா?” ஆக்கலாம். நான் ஆக்கினேன். ஆனா முதல் நாளே காரோட சேர்த்து நானும் போயிருப்பேன். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு சொல்லப்போறேன்.

கார், 2000களின் தொடக்கத்துல வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக். அப்பா வாங்கினது. ஸ்போர்ட்ஸ் காரான்னு கேட்டா, பார்க்க சாதாரண நாலு கதவு செடான்தான். ஆனா 106 பி.எச்.பி., எடை ஒரு டன் சொச்சம், ஆர்.பி.எம். ஏற ஏற சத்தமே மாறுற இன்ஜின். அந்தக் காலத்துல இங்க ஒரு சாதாரண குடும்பத்துக்குக் கைக்கு எட்டுன ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். மீட்டர்ல 2,18,000 கிலோமீட்டர்.

ட்ராக், நம்ம இருங்காட்டுக்கோட்டை. ஸ்ரீபெரும்புதூர் போற வழியில இருக்கு. முன்னாடி சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடத்திக்கிட்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990ல திறந்த இடம். முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ரேஸ் இல்லாத சில நாள்ல ட்ராக் டே நடக்கும். பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, நம்ம சொந்தக் காரையே ஓட்டலாம்.

நான் என்ன பண்ணேன்? ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், பெரிய அலாய் வீல்னு கண்ணுக்கும் காதுக்கும் தெரியுற எல்லாத்துக்கும் செலவு பண்ணேன். பிரேக்குக்கு ஒரு ரூபாய் கூட இல்ல. “பிரேக் நல்லாத்தானே பிடிக்குது”ன்னு நினைச்சேன். அண்ணா சாலை சிக்னல்ல நல்லாத்தான் பிடிச்சது.

மூணாவது லேப். நீளமான ஸ்ட்ரெயிட் முடியுற இடம். பெடலை மிதிக்கிறேன், பஞ்சுல மிதிச்ச மாதிரி உள்ள போகுது. மறுபடி மிதிக்கிறேன், தரை வரைக்கும் போகுது. கியரைக் குறைச்சு, வளைவு எடுக்காம நேரா புல்லுக்குள்ள இறங்கி, புழுதி கிளப்பி நின்னேன். சுவருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு.

என்ன நடந்ததுன்னு அப்புறம் கணக்கு போட்டுப் பார்த்தேன். 150 கி.மீ. வேகத்துல இருந்து 70க்குக் குறைக்கும்போது அந்த வேகம் அத்தனையும் சூடா மாறணும். ஒரே ஒரு பிரேக்ல, ரெண்டு லிட்டருக்கு மேல தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. அதுல பெரும்பங்கு முன்சக்கரத்துல இருக்கிற ரெண்டு தட்டுக்குத்தான் போகும். ஒரு லேப்ல இப்படி எத்தனை தடவை! பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிட்டா 155க்கே கொதிக்கலாம்னு அந்தத் தரமே சொல்லுது. என் கார்ல இருந்தது நாலு வருஷப் பழசு. கொதிச்சா ஆவிக் குமிழி வரும். ஆவி அமுங்கும், அதான் பெடல் பஞ்சாகுது.

இதையும் கேட்டுக்கோங்க. பெடல் கெட்டியா இருந்தும் கார் நிக்கலைன்னா அது பேட் சூடாகி வழுக்குறது. பெடல் உள்ள போச்சுன்னா ஆயில். ரெண்டும் வேற வியாதி, வேற மருந்து.

மறுநாள் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். ரொம்ப நேரம் பேசாம காரைச் சுத்தி வந்தார். டயர் ஓரத்துல குனிஞ்சு நாலு இலக்கத்தைக் காட்டி, “தம்பி, இது என்ன தெரியுமா?”ன்னார். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2315ன்னு இருந்தா 2015ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர். பட்டன் தேயலைன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்த டயர், ரப்பர் கல்லாகிப் போன டயர்.

அவர் போட்ட வரிசை இதுதான். முதல்ல நிக்கணும்: புது ஆயில், சூடு தாங்குற பேட், புது ஹோஸ். அடுத்து வெந்துபோகக் கூடாது: ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே காலி. அப்புறம் டயர், சஸ்பென்ஷன் புஷ். பவர்? “அது கடைசி. உனக்கு இருக்கிற பவரே ஓட்டத் தெரியல”ன்னார். கோபம் வந்தது. ஆனா உண்மை.

வீட்ல வேற சண்டை. நான் பின்சீட்டைக் கழட்டி ரோல் கேஜ் வெல்டு பண்ணலாம்னு பிளான் போட்டிருந்தேன். அம்மாவை பிரசவத்துக்கு வேற கார்ல கூட்டிப்போனாங்களாம், ஆனா தங்கச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தப் பின்சீட்லதான். அப்பா ஒரே வார்த்தை: “வெட்டாதே.” சென்டிமென்ட்னு நினைச்சேன். மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னார், காரணம் மட்டும் வேற. ரோட்லயும் ஓட்டுற கார்ல ஹெல்மெட் போட மாட்டோம். சின்ன விபத்துல கூட தலை போய் இரும்புக் குழாய்ல அடிக்கும். கேஜ் இல்லாம நாலு பட்டை பெல்ட் மட்டும் போட்டாலும் ஆபத்து. கார் உருண்டு கூரை அமுங்கினா உடம்பு சாயக்கூட வழியில்ல. கம்பெனி மூணு முனை பெல்ட்டே போதும். சட்டமும் இருக்கு: ஆர்.சி.ல இருக்கிற விவரத்துக்கு மாறா காரை மாத்த மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு விடாது. 15 வருஷம் தாண்டின காரை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டித்தான் ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், அங்க மாட்டும். அதனால பின்சீட் இப்போ போல்ட் கழட்டி மாட்டுற மாதிரி. ட்ராக் நாளுக்கு முந்தின ராத்திரி கழட்டி ஹால்ல வைப்பேன். தங்கச்சி அதுல உட்கார்ந்து சீரியல் பார்ப்பா.

இன்சூரன்ஸ் பத்தி பலர் கேக்குறீங்க. சாதாரண பாலிசி எடுத்துப் படிங்க, ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங்குக்குக் கிடையாதுன்னு எழுதியிருக்கும். ட்ராக்ல இடிச்சா உங்க பாக்கெட்தான்.

அதனால, இழந்தாலும் ஏத்துக்க முடியுற காரைத்தான் எடுத்துட்டுப் போங்க. எனக்கு இது அப்படிப்பட்ட கார் இல்ல. அதான் பத்துல எட்டு பங்கு வேகத்துலதான் ஓட்டுறேன்.

ரெண்டாவது தடவை போனப்போ அப்பாவும் வந்தார், மடக்கு நாற்காலியும் காபி ஃபிளாஸ்க்குமா. நாலு லேப் வேகமா, அஞ்சாவது மெதுவா, பிரேக் ஆற. பிட்ல வந்து பழக்கதோஷத்துல ஹேண்ட்பிரேக்கை இழுக்கப் போனேன். சூடான ட்ரம்ல இழுத்தா பிடிச்சுக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும். கட்டையை வெச்சது அப்பா. வெச்சுட்டு கேட்டது ஒண்ணுதான்: “ஆயில் பார்த்தியா?”

பார்க்கல. டிப்ஸ்டிக்ல குறைஞ்சபட்சக் கோட்டுக்கும் கீழ இருந்தது. வயசான இன்ஜின், மேல் ஆர்.பி.எம்.ல ஆயில் குடிக்கும். இப்போ ஒவ்வொரு செஷனுக்கு நடுவுலயும் பார்க்குறேன். டிக்கியில எப்பவும் ஒரு லிட்டர் கேன் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல டயர் பிரஷர் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, காரோட வருஷத்தையும் கிலோமீட்டரையும் மறக்காம சொல்லுங்க.