முதலில் எந்தப் போனுக்கு?

நம்ம வளவனூர் கூட்டமைப்புக்கு ஒரு ஆப் செய்யணும்னு பேச்சு வந்திருக்கு. ஆண்ட்ராய்டுக்கா, ஐபோனுக்கான்னு கேட்கிறாங்க. முதலில் ஆண்ட்ராய்டு போதும் என்பது என் கருத்து.

கூகுள் பிளே ஸ்டோரில் ஆப் போட ஒரே தடவை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கோ வருஷா வருஷம் 99 டாலர். நம்ம சந்தாப் பணத்தில் அது எதுக்கு? நம்மகிட்ட அப்பளம், ஊறுகாய் வாங்குற வெளியூர்க்காரங்க சிலர் ஐபோன் வச்சிருக்காங்க. எந்தப் போனிலும் திறக்கிற ஒரு இணையப் பக்கம் அவங்களுக்குப் போதும்.

என் கவலை வேற. புதுப் போனில் ஓட்டிப் பார்த்துட்டு, ‘ஆப் ரெடி’ன்னு சொல்லிடுவாங்க. நம்ம கையில் இருப்பது பிள்ளைங்க வச்சிருந்த பழைய போன்; அதில் இடமும் இருக்காது, புது ஆண்ட்ராய்டும் ஏறாது. அந்தப் போனில் ஓடிக் காட்டின பிறகுதான் மீதிப் பணம் கொடுக்கணும். சிக்னல் இல்லாதப்போ பதிந்த சேமிப்பு, சிக்னல் வந்ததும் தானா ஏறணும்.

மூத்த அக்காமார் வச்சிருக்கிற பட்டன் போனில், ஜியோபோனிலும்கூட, ஆண்ட்ராய்டு ஆப் ஏறாது. அவங்க கட்டின பணத்துக்கு அன்னிக்கே எஸ்எம்எஸ் போகணும். இல்லேன்னா தன் கணக்கைத் தெரிஞ்சுக்க பேரனைத்தான் கேட்கணும். பாஸ்புக்கையும் நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு வேலையைக் கொடுப்போம்.