கொதிக்க வைத்தால் போகுமா?

தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் அது போய்விடுமா? வேதியியல் படிக்கும் கல்லூரி மாணவரைக் கேளுங்கள். "போகாது" என்று சரியாகவே சொல்லலாம். அதோடு விடாதீர்கள். "ஏன்?" என்றும் கேளுங்கள். விடை சரியாக இருந்தும் காரணம் தவறாக இருக்கலாம். விடைக்கு ஒரு கேள்வி, காரணத்துக்கு ஒரு கேள்வி. தவறான புரிதல் இப்படித்தான் வெளியே வரும்.

ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிறதல்லவா? தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஃபுளோரைடும் அப்படித்தான். கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் அத்திட்டத்தில் வரும் காவிரி நீரையே பயன்படுத்துங்கள். பிள்ளைகளிடம் விடையோடு காரணத்தையும் கேளுங்கள்.