கற்சுவரும் தண்டவாளமும்



நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அந்நிலத்தில் வாழ்வோருடைய ஒழுக்கத்தை உரிப்பொருளாக வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்றவர்களுக்கு, தாம் குடியேறி வாழ்கிற இந்த அமெரிக்க தேசத்தின் கவிகளையும் அவரவர் ஊரை வைத்தே அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எழுவது சகஜம். கிராமம் என்றால் சாந்தி, நகரம் என்றால் சஞ்சலம் என்று சுலபமாகப் பிரித்துவிடுகிற வழக்கம் ஒன்றும் நம்மிடையே உண்டு. அதை இக்கவிகள் சிறிதும் ஒப்புவதில்லை. மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியே கிராமத்துக் கவிதையையும் நகரத்துக் கவிதையையும் வேறுபடுத்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

ராபர்ட் ஃப்ராஸ்ட் என்றதும் பனி மூடிய காடும் பண்ணை வீடும் நினைவுக்கு வருகின்றன. அவரோ 1874-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் பிறந்து, தந்தை காலமான பிறகு மசாசூசெட்ஸில் லாரன்ஸ் என்னும் நெசவாலை ஊரில் வளர்ந்தவர். 1900-இல் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் ஆறுமுன்பே, பாட்டனார் வாங்கிய நியூ ஹாம்ப்ஷயர் டெர்ரி பண்ணைக்குக் குடிபோய், கோழி வளர்த்து ஜீவனம் நடத்தினார். அந்த வாழ்விலிருந்து பிறந்து 1914-இல் லண்டனில் வெளியான 'நார்த் ஆஃப் பாஸ்டன்' என்ற நூலில், அயல் நிலத்துக்காரர் இருவர் தங்கள் எல்லைக் கற்சுவரைச் செப்பனிடும் கவிதை ஒன்று உண்டு. குளிர்காலத்து உறைபனி மண்ணைப் பொருமச் செய்து கற்களைச் சரித்துவிட, வசந்தம் வந்ததும் இருவரும் சுவருக்கு இருபுறமும் நடந்து, அவரவர் பக்கம் விழுந்ததை அவரவர் எடுத்து வைக்கிறார்கள். ஒரு புறம் ஆப்பிள், மறுபுறம் பைன், தாண்டி மேய மாடு கிடையாது, சுவருக்கே அவசியமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அவ்விருவரையும் சேர்ந்து நடக்க வைப்பதும், நடக்கும்போதே பிரித்து வைப்பதும் அச்சுவர்தான். அதே நூலில், இறந்த குழந்தைக்குத் தன் கையாலேயே குழி வெட்டிய கணவனை மன்னிக்க இயலாத மனைவி ஒருத்தியும் வருகிறாள். சுற்றிலும் ஆளரவமற்ற பிரதேசத்தில், துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள மூன்றாவது மனிதர் இல்லாதபோது, ஒரே கூரையின் கீழ் இருவருக்கிடையே எத்தனை காத தூரம் விழுந்துவிடுகிறது என்பதை அந்தக் கிராமத்துக் கவிதையைப் போலக் காட்டிய வேறொன்றை நான் படித்ததில்லை.

நகரத்துக்கு வருவோம். இல்லினாய் மாகாணத்துச் சிற்றூரான கேல்ஸ்பர்க்கில், ரயில்வேப் பட்டறைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பால் வண்டி ஓட்டியும் கோதுமை வயலில் கூலிக்கு உழைத்தும் வளர்ந்த கார்ல் சாண்ட்பர்க், சிகாகோவின் குற்றங்களை ஒளிக்காமலே அந்நகரத்தைப் போற்றியவர். 1916-இல் வெளிவந்த அவருடைய 'சிகாகோ போயம்ஸ்' தொகுதியில், தண்டவாளத்தின் ஓரமாக உட்கார்ந்து காய்ந்த ரொட்டியும் மலிவான இறைச்சியும் தின்னும் இத்தாலியக் கூலி ஒருவன் வருகிறான். அவனைக் கடந்து விரையும் ரயிலில் சீமான்களும் சீமாட்டிகளும் ரோஜா மலர்கள் வைத்த மேஜைகளில் விருந்துண்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பத்து மணி நேர வேலையின் பிற்பாதிக்குத் திரும்புகிறான். அந்த மேஜைப் பூக்கள் குலுங்காமல் இருக்கும்படி பாதையைச் சீராக வைத்திருப்பதே அவன் உத்தியோகம்! கை நீட்டும் தூரத்தில் கடந்து செல்பவர்கள், ஒருவர் உழைப்பால் மற்றவர் வாழ்பவர்கள், ஒருவரையொருவர் ஒருபோதும் அறியப்போவதில்லை. நகரத்துக்கே உரிய கவிப்பொருள் இது. இவ்வளவு சிறிய கவிதைக்குள் இவ்வளவு பெரிய நியாயத்தை வைத்த சாண்ட்பர்க்கை இன்று பலர் படிக்காமல் விடுவது எனக்கு வருத்தமே.

தென்னாட்டுப் பருத்தி வயல்களை விட்டு வடக்கே வந்த கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை, ஹார்லெம் வீதியிலே கேட்டு, 1926-இல் 'தி வியரி ப்ளூஸ்' என்ற தம் முதல் நூலில் கவிதையாக்கிய லாங்ஸ்டன் ஹியூஸ், கிராமம் நகரத்துக்குள்ளேயே குடியிருக்கும் என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி. புரூக்ளின் படகுத்துறையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அந்நியர்களையெல்லாம் உறவாகப் பாவித்த வால்ட் விட்மனை நம் பாரதியார் மகாகவி என்றே கொண்டாடினார். அவரைப் பற்றிப் பேசும் கட்டுரைக்கு 'நகரம்' என்றே பெயரும் இட்டார்.

அன்பர்களே, ஆலை ஊரில் வளர்ந்தவர் பண்ணையைப் பாடியதும், சிற்றூரில் பிறந்தவர் சிகாகோவைப் பாடியதும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. வேற்றிடத்திலிருந்து வந்த கண்ணுக்கு, உள்ளூர்க் கண்ணுக்குப் பழகிப் போனவையெல்லாம் புதிதாகத் தெரிகின்றன. அந்தக் கண் உங்களுக்கும் வாய்த்திருக்கிறது. ஊர்க் குளத்தையும் தேர்த் திருவிழாவையும் பாடுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? அவற்றோடு, நீங்கள் அன்றாடம் ஏறுகிற சுரங்க ரயிலையும், வாசலில் குவிந்த பனியை வாரிக் கொட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் போகிற அண்டை வீட்டாரையும், இரவு முழுவதும் கண் விழிக்கும் ஆஸ்பத்திரித் தாதியையும் தமிழில் எழுதுங்கள். இந்தத் தமிழ்ச் சங்கத்தின் அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய கவிதைகளுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கி வைக்குமாறு நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன்.