மாத்திரை குறையும்போது வலி ஏன் கூடுகிறது?



காத்தோங் ஜூ சியாட் சாலைப் பக்கம் ஒரு பழைய மாடிவீடு. அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு நான்கு ஆண்டுகளாக முடக்குவாதம். நான்கு ஆண்டுகளாகக் காலைப் பசியாறியதும் பிரெட்னிசலோன் மாத்திரை. அந்த மாத்திரைதான் அவரை மாடிப்படி ஏற வைத்தது, சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் ஆலயத்துக்கு நடந்துபோக வைத்தது. அதே மாத்திரை முகத்தை உப்ப வைத்து, சர்க்கரையை ஏற்றி, எலும்பையும் மெலிய வைத்துவிட்டது. "இனி மெல்ல மெல்லக் குறைப்போம்" என்கிறார் மருத்துவர். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

10 மில்லிகிராமிலிருந்து 7.5க்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. 5க்கு வந்ததும் சோர்வு. 4க்கு இறங்கிய வாரம் அடித்துப் போட்டாற்போல உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை, காரணமில்லாமல் கண்ணீர். மகள் சொல்கிறார்: "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம்தானேம்மா, ஒரேயடியா விட்டுடுங்களேன்." பக்கத்து வீட்டுக்காரர் வேறு யோசனை சொல்கிறார்: "ஜோகூரில் மூலிகை மாத்திரை விற்கிறார்கள், இரண்டே நாளில் வலி போய்விடும்."

இரண்டுமே அன்பினால் சொல்லப்படுபவை. இரண்டுமே அந்த அம்மையாரின் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை. ஏன் என்று பார்ப்போம்.

ஸ்டீராய்டு என்றதும் உடற்கட்டு வீரர்கள் ஒளித்துப் போட்டுக்கொள்ளும் ஊசி நினைவுக்கு வருவது இயல்பு. அது வேறு வகை. இங்கே பேசுவது நம் உடம்பு தானே தினமும் தயாரிக்கும் கார்ட்டிசோலின் உறவுக்கார மருந்தைப் பற்றி. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். ஒருசில நாளில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இது பலருக்குத் தெரிந்த கதை. அடுத்த பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹென்ச்சுடன் அதே இடத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் ஸ்லோகம் என்ற மருத்துவர், 1953ல் இன்னொன்றை எழுதினார். கார்ட்டிசோனைக் குறைக்கும்போது நோயாளிகளுக்குத் தசையிலும் மூட்டிலும் தனியாக ஒரு வலி வருகிறது, அதற்கும் பழைய நோய்க்கும் வேறுபாடு உண்டு என்பதே அது. அற்புதத்தைக் கண்ட அதே மருத்துவ நிலையம் ஐந்தே ஆண்டில் அதன் மறுபக்கத்தையும் கண்டது. ஆனாலும் எழுபது ஆண்டு கடந்தும் நம் வீடுகளில், "மனசுதான் காரணம், சும்மா படுத்துக் கிடக்காதீங்க" என்கிறோம்!

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். மூளையிலிருந்து கட்டளை வந்தால்தான் அவை கார்ட்டிசோலைச் சுரக்கும். ஒரு நாளைக்குச் சுரப்பது ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் மூளை கட்டளையை நிறுத்திவிடும், சுரப்பிகளும் சுருங்கி உறங்கிவிடும். ஆகவே 20லிருந்து 15க்கு இறங்கும்போது, உடம்புக்குத் தேவையான அளவுக்கு மேல் இருப்பதைத்தான் குறைக்கிறோம். 5லிருந்து 4க்கு இறங்கும்போதோ தேவையிலேயே கை வைக்கிறோம். 20ல் ஒன்று என்பது இருபதில் ஒரு பங்கு. 5ல் ஒன்று ஐந்தில் ஒரு பங்கு. "ஒரே ஒரு மில்லிகிராம்தானே" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். உறங்கிய சுரப்பி விழிக்கச் சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

எல்லாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆஸ்துமாவுக்கு ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கங்கள் 2024ல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி, மூன்று நான்கு வாரத்துக்குக் குறைவாக எடுத்தவர்கள் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை என்றே சொல்கிறது.

சரி, அம்மையாரின் வலிக்கு வருவோம். வலி என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அதற்குள் பல வலிகள் இருக்கின்றன. மூட்டு வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, காலையில் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆனால், பழைய நோய் தலைதூக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் போன்றவை ஸ்டீராய்டு இல்லாமலேயே நோயைக் கட்டுப்படுத்தக்கூடியவை. வீக்கம் எதுவும் இல்லாமல் உடம்பு முழுக்க உளைச்சல், சோர்வு, எரிச்சல், அதுவும் அளவைக் குறைத்த சில நாளில் தொடங்கினால், ஸ்லோகம் எழுதிய வலியாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்கு ரத்தப் பரிசோதனை உதவும். காலை எட்டு ஒன்பது மணிவாக்கில் எடுக்கும் கார்ட்டிசோல் அளவு, சுரப்பி விழித்துவிட்டதா என்பதையும் காட்டும்.

இந்த இரண்டிலும் சேராத வலியும் உண்டு. நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் திடீரென்று முதுகில் வெட்டினாற்போல வலித்தால், மெலிந்த முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். தொடை இடுக்கில் விடாமல் வலித்து நடையே மாறினால், இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம். இவற்றை "மாத்திரையைக் குறைத்ததால் வரும் வலி" என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, ஆனால் வலி அவ்வளவாக இல்லை என்றால், அது தொடைத்தசை மெலிந்ததன் அடையாளம். அதற்குத் தேவை உடற்பயிற்சி சிகிச்சை, வலி மாத்திரை அன்று.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் நல்லது. எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம், எங்கே வலித்தது, வீக்கம் இருந்ததா, காலையில் இறுக்கம் எவ்வளவு நேரம்? நான்கு வரி போதும். "வலிக்குது டாக்டர்" என்பதைவிட அந்த நான்கு வரி மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

தாங்கிக்கொள்ள வழி? காலையில் வெந்நீர்க் குளியல், இதமான ஒத்தடம், சிறு நடை. காத்தோங்வாசிகளுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இருக்கிறது. 1966ல் நில மீட்பு தொடங்குவதற்கு முன் கடல் வாசலுக்கே வந்தது, இப்போது சற்றுத் தூரம் நடக்க வேண்டும். இந்த விஷயத்தில் அதுவும் நன்மைதான். முடியாத நாளில் வீட்டு வாசல்வரை போதும். அளவைக் குறைக்கும் வாரத்தில் திருமண வீட்டு வேலை, வீட்டைச் சுத்தம் செய்வது போன்றவற்றைத் தள்ளிப்போடலாம். பெரிய தொந்தரவு இல்லாதவர்களுக்குப் பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மட்டும் கேட்காமல் விழுங்க வேண்டாம். ஸ்டீராய்டுடன் அவை சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் ஏற்படும் அபாயம் கூடும். இன்னொன்று: ஸ்டீராய்டு குறையும்போது சர்க்கரையும் இறங்கும். நீரிழிவு மருந்து மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் மயக்கம் வரலாம்.

வலி தாங்க முடியவில்லை என்றால், கடைசியாகத் தாங்கிய அளவுக்குத் தற்காலிகமாகத் திரும்பி, பிறகு இன்னும் மெதுவாகக் குறைக்கலாம் என்று 2024 வழிகாட்டியே சொல்கிறது. அதை மருத்துவரிடம் பேசித்தான் செய்ய வேண்டும். 5லிருந்து 4க்கு நேராக இறங்காமல் 4.5ல் சில வாரம் நிற்பது தோல்வியல்ல. மருத்துவருக்குத் தெரியாமல் கூட்டுவதும் தெரியாமல் நிறுத்துவதும்தான் ஆபத்து.

ஆபத்து எப்படி வரும்? பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அறுவை சிகிச்சை போன்ற நேரத்தில். நலமாக இருப்பவரின் சுரப்பி அப்போது பல மடங்கு சுரந்து காப்பாற்றும். உறங்கும் சுரப்பியால் முடியாது. நோயுற்ற நாளில் மாத்திரையை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைக்க வேண்டும். விடாத வாந்தி, எழுந்தால் மயக்கம், குழப்பமான பேச்சு என்றால் காத்திருக்காமல் 995ஐ அழைத்து, "இவர் ஸ்டீராய்டு எடுப்பவர்" என்று சொல்ல வேண்டும். அப்போது தேவைப்படுவது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி.

கடைசியாக, அந்த மூலிகை மாத்திரை. சுகாதார அறிவியல் ஆணையம் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எச்சரித்துவரும் விஷயம் இது. பாரம்பரிய மருந்து என்று சொல்லி மூட்டுவலிக்கு விற்கப்பட்ட சில பொருள்களைச் சோதித்தபோது உள்ளே டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருந்தன. பொட்டலத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அதைச் சாப்பிட்டால் அம்மையார் ஒரு கையால் குறைப்பதை மறு கையால் கூட்டுகிறார். எவ்வளவு என்று மருத்துவருக்கும் தெரியாது. "நான் ஸ்டீராய்டே சாப்பிட்டதில்லை" என்பவர்களும் முகம் உப்பி, தோல் மெலிந்து, எளிதில் கன்றிப்போய் மருத்துவமனைக்கு வருவது இதனால்தான்.

அப்படி ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் இதைப் படித்துவிட்டு இன்றே அதைக் குப்பையில் போட வேண்டாம். திடீர் நிறுத்தம் அவருக்கும் அதே ஆபத்துதான். மிச்சமிருக்கும் மாத்திரைகளை உறையோடு எடுத்துக்கொண்டு, மரின் பரேட் பலதுறை மருந்தகத்துக்கோ வழக்கமான குடும்ப மருத்துவரிடமோ உடனே போகட்டும். வீட்டார் யாராவது உடன் போவது நல்லது. எங்கே வாங்கினார், எத்தனை மாதம் சாப்பிட்டார் என்பதைச் சொல்லப் பெரியவர்கள் பெரும்பாலும் தயங்குவார்கள்.