கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும்
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



'மேல்நிலை வகுப்புக்குத் தேசிய அளவில் ஆங்கிலப் பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும்?' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதற்கு ஒரு ஆங்கிலப் பேராசிரியரைக் கூப்பிட்டிருக்கலாம். பாய்லர் குழாயோடு மல்லுக்கட்டுகிற என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பரவாயில்லை. என்ஜினீயரிடம் எந்த வேலையைக் கொடுத்தாலும் அவன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எவ்வளவு பாரம் தாங்கணும்?" அதையே இங்கேயும் கேட்டுப் பார்க்கிறேன்.

பிளஸ் டூ ஆங்கிலம் எந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும்? ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021இல் வந்தது. எல்லாமே நல்ல காரியங்கள். வாசல் தமிழில் திறந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைந்ததும் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. வாசலுக்கும் வகுப்புக்கும் நடுவே இருக்கிற ஒரே பாலம், பதினொன்றிலும் பன்னிரண்டிலும் படிக்கிற ஆங்கிலம்தான். அந்தப் பாலம் கனமான லாரி போகக் கட்டியதா, சைக்கிள் போகக் கட்டியதா?

2008இல் நாங்கள் முதலாண்டு சேர்ந்தபோது என் அறைத் தோழன் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவன். தமிழ் வழியில் படித்தவன். டிராயிங்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல். மெக்கானிக்ஸில் மட்டும் தடுமாறினான். சுவரில் சாய்ந்திருக்கும் ஏணிக் கணக்கு. "நெக்லெக்ட் தி வெயிட் ஆஃப் தி லேடர்" என்று கேள்வியில் இருக்கிறது. இவன் எடையையும் சேர்த்துக்கொண்டு அரை மணி நேரம் போராடியிருக்கிறான். "மச்சி, கணக்கு தெரியுதுடா, கேள்விதான் புரியல" என்றான். 'புறக்கணிக்கத்தக்க எடை' என்று தமிழில் சொன்னவுடன் இரண்டே நிமிஷத்தில் விடை வந்தது. இயற்பியல் அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் போனது ஒரு வார்த்தை. அதற்கு விலை ஒரு அரியர்.

எங்கள் சீனியர் ஒருவர் அவனுக்கு ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தார். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் பள்ளிப் புத்தகத்தில் படித்த தமிழ்ச் சொல். நாலு மாதத்தில் பையன் எழுந்து நின்றுவிட்டான். அதே செமஸ்டரில் இன்னொரு பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான், திரும்பவில்லை. அவனுக்கு அப்படி ஒரு சீனியர் அமையவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பு இப்படி அதிர்ஷ்டத்தில் தொங்கலாமா?

சரி, தேசிய அளவில் இப்போது என்ன இருக்கிறது? 2005இல் வந்த தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி என்.சி.ஈ.ஆர்.டி. புதுப் புத்தகங்கள் போட்டது. பதினொன்றுக்கு 'ஹார்ன்பில்', 'ஸ்நாப்ஷாட்ஸ்'. பன்னிரண்டுக்கு 'ஃபிளமிங்கோ', 'விஸ்டாஸ்'. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 'இங்கிலீஷ் கோர்' என்ற பெயரில் நடப்பது இதுதான். அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களில் யார் யார் தெரியுமா? ஜெமினி ஸ்டூடியோ அனுபவத்தை எழுதிய அசோகமித்திரன், தன் சிறுவயது அனுபவத்தைச் சொல்லும் பாமா, புலி வேட்டை மகாராஜாவின் கதையோடு நம்ம கல்கி! திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளியை விட்டு வெளியேறியவர், டில்லிப் பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆகவே, தேசிய ஆங்கிலப் பாடம் என்றாலே சீமைப் பாடம் என்று யாரும் பயப்பட வேண்டாம். புத்தகத்தில் பெரிய குறை இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் காலத்தில் தமிழ்நாட்டு பிளஸ் டூவில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், 200 மார்க். 2018-19 கல்வியாண்டிலிருந்து ஒரே தாள், 100 மார்க். அதில் எழுத்துத் தேர்வு 90, உள்மதிப்பீடு 10. சி.பி.எஸ்.இ.யில் எழுத்து 80, உள்மதிப்பீடு 20. கேட்டல், பேசுதல், ப்ராஜெக்ட் எல்லாம் அந்த இருபதுக்குள். கல்லூரி வகுப்பில் முதல் நாளே தேவைப்படுவது காது. மார்க்கில் காதுக்குக் கிடைப்பதோ ஊறுகாய் அளவு. பரீட்சையில் வராததை எந்த வாத்தியாரும் நடத்த மாட்டார், எந்தப் பிள்ளையும் படிக்காது. இது யார் மேலும் குற்றம் இல்லை. மார்க் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் படிப்பும் ஓடும்.

நம்ம காவிரிக் கரை உதாரணம் ஒன்று. கணித மேதை ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தேறாததால் அந்த உதவித்தொகை போயிற்று. அதே ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது எந்த மொழியில்? ஆங்கிலத்தில்தான்! அந்தக் கடிதம்தான் அவரைக் கேம்பிரிட்ஜில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேலைக்குத் தேவையான ஆங்கிலம் அவரிடம் இருந்தது. பரீட்சை கேட்ட ஆங்கிலம் வேறாக இருந்தது. நூறு வருஷம் கழித்தும் இந்த இடைவெளி அடையவில்லை.

என்னைத் திட்டம் போடச் சொன்னால் நாலு வேலைகளைக் குறித்து வைப்பேன். ஒன்று, பத்து நிமிஷப் பாடத்தைக் காதால் கேட்டுக் குறிப்பெடுப்பது. இரண்டு, முன்பின் பார்க்காத ஒரு பக்கக் கையேட்டைப் படித்து அதன்படி செய்வது. மூன்று, ஒரு படத்தையோ சோதனையையோ வரிசையாக விளக்குவது. நாலு, எழுந்து நின்று சந்தேகம் கேட்பது. மதுரையானாலும் மணிப்பூரானாலும் இந்த நாலும் பொது. கதையும் கவிதையும் அந்தந்த மண்ணுக்கு ஏற்றபடி இருக்கட்டும்; அவை இல்லாவிட்டால் மொழியில் உயிர் இருக்காது. ஆனால் இந்த நாலுக்கும் எழுத்துக்குச் சமமாக மார்க் வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று, தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது. 2023இல் வந்த தேசியக் கலைத்திட்டம், பதினொன்று, பன்னிரண்டில் இரண்டு மொழி, அதில் ஒன்றாவது இந்திய மொழி என்கிறது. நாம் 1968 முதலே இருமொழிக்காரர்கள். ஆனால் இரண்டு மொழியும் அடுத்தடுத்த பீரியடில் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு மொழி கலந்து கடினமான விஷயத்தை விளக்குவது ஸ்ரீரங்கத்துக்குப் புதிதா என்ன? பெரியவாச்சான் பிள்ளை முதலான உரையாசிரியர்கள் மணிப்பிரவாளத்தில் வியாக்கியானம் எழுதிய ஊர் இது. அதே ஸ்ரீரங்கத்துக்காரர் சுஜாதா, என்ஜினீயராக இருந்துகொண்டே கம்ப்யூட்டரைத் தமிழில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். தமிழில் தெளிவாகத் தெரிந்ததை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குவதுதான் குறுக்குவழி.

கல்லணையில் தண்ணீர் திறந்தால் பேப்பரில் படம் வரும். விவசாயி அதை வைத்துத் திருப்திப்பட மாட்டான். கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்றுதான் பார்ப்பான். பாடத்திட்டத்தையும் அப்படித்தான் அளக்க வேண்டும். டில்லியில் வெளியிட்டால் போதாது. துறையூர் பிள்ளையின் காதில் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். உள்ளூரில் இருக்கும் பழைய மாணவர்கள் முறை வைத்து, முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். இலக்கணம் வேண்டாம். அவரவர் வேலையைப் பத்து நிமிஷம் எளிய ஆங்கிலத்தில் சொல்வது, பிள்ளைகள் குறிப்பெடுப்பது, பிறகு கேள்வி கேட்பது. கூடவே அந்த இரண்டு பக்க நோட்டை எல்லாத் துறைக்கும் தயாரித்து, சேரும் அன்றே கையில் கொடுப்போம். அச்சுச் செலவில் முதல் பங்கு என்னுடையது. மேடையை விட்டு இறங்கியதும் ஒரு தாள் சுற்றுக்கு வரும். வர முடிந்த சனிக்கிழமைகளைப் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.